இருபத்தாறாம் நாற்காலியின் இரண்டாவது சீட்டு

பத்தொன்பது வருடமாகத் தட்டச்சுக் கடை நடத்துகிறவள் அவள். வாடகைப் பத்திரமோ வேலை விண்ணப்பமோ, எதைக் கொடுத்தாலும் பிழையில்லாமல் அடித்துத் தருவாள். வீட்டில் அவளும் தம்பியும்தான். அவனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. பன்னிரண்டு வயதில் சர்க்கரை நோய் வந்ததிலிருந்து இன்சுலின்தான் அவனை நடமாட வைத்தது. நிறுத்தினால் சில நாள்கூடத் தாங்கமாட்டான் என்று டாக்டர் அன்றே சொல்லிவிட்டார்.

புதிய ஜெபக்கூடத்துக்கு முதலில் போனது தம்பி. பின்னாலேயே அவளும் போனாள். மேடைக்குக் கீழே ஒரு நீல வாளி இருந்தது. ஊழியக்காரர் யாரையாவது சுட்டி, அவருடைய மறைவான கஷ்டத்தை அப்படியே சொல்லுவார். சுகமாகிவிட்டது என்றதும் அந்த ஆள் மாத்திரையையோ மூக்குக்கண்ணாடியையோ வாளியில் போட்டுவிட்டு அழுதுகொண்டே திரும்புவார். வாளியைப் பார்க்கும்போதெல்லாம் அவள் தம்பியின் சட்டைப் பையைப் பார்த்துக்கொள்வாள்.

வெள்ளிக்கிழமைகளில் கூடத்துக்குத் தட்டச்சு செய்து கொடுப்பது அவள் ஊழியம். நாற்காலிகளுக்கு எண் உண்டு. இடம் பதிந்தவர்கள் தங்கள் எண்ணை எழுதி, விண்ணப்பச் சீட்டைப் பெட்டியில் போடுவார்கள். ஒன்று முதல் அறுபது வரை எண்களை முதலில் வரிசையாக அடித்துக்கொள்வாள். பிறகு சீட்டுகளை அடுக்கி, எதிரே ஒவ்வொன்றாக நிரப்புவாள். ஜெபக்குழு வாரம் முழுக்கத் தாங்கி ஜெபிப்பதற்கு என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

அந்த ஞாயிறு காலை அவள் இருபத்தொன்பதாம் நாற்காலியில் இருந்தாள். பக்கத்தில் இருபத்தெட்டில் தம்பி. அவனுக்கு அப்பால் இருபத்தேழில் ஒரு வாட்ச்மேன்.

ஊழியக்காரர் கையிலிருந்த டேப்லெட் திரையைப் பார்த்துவிட்டு வாட்ச்மேனைச் சுட்டினார். "ஐயா, உங்க மகன் வெளிநாடு போயி ரெண்டு வருஷமாப் பேசல. இந்த வாரம் பேசுவான்!"

வாட்ச்மேன் ஒரு நொடி விழித்தார். பிறகு, "ஆமென்" என்றார்.

அடுத்தது தம்பி. "படியேற முடியாத முழங்கால்! கர்த்தர் தொடுறார்!"

"ஆமென்" என்றான் தம்பி.

வெள்ளிக்கிழமை அடித்த பட்டியலை அவள் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். முழங்கால் வாட்ச்மேனுடைய சீட்டு. பேசாத மகன் இருபத்தாறில் இருந்த அம்மாளுடையது. அந்த அம்மாள் இரண்டு சீட்டு போட்டிருந்தார், வீட்டுக் கூரை ஒழுகுவதற்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. ஒரே எண்ணில் சேர்த்து அடிக்க வேண்டியதை அவள் இரண்டு வரியாக அடித்துவிட்டாள். அதன் பிறகு எல்லாமே ஒரு வரி கீழே இறங்கிவிட்டது; அறுபதாம் எண்ணுக்குச் சீட்டு வராததால் அது கண்ணில் படவில்லை.

மேடையிலிருந்து வந்துகொண்டிருந்தது அவள் செய்த பிழை. பார்வையற்றவருக்குப் பார்வை தந்தவர் முன்கூட்டிச் சீட்டு வாங்கியதாக அவள் வேதத்தில் எங்கும் படித்ததில்லை. இதைப் போய் இவ்வளவு நாள் யோசிக்காமல் இருந்தோமே என்று நினைப்பதற்குள் ஊழியக்காரரின் விரல் அவளிடம் வந்து நின்றது.

"சகோதரி, சிறுவயசுல இருந்தே சர்க்கரை! இன்னைக்கே ஊசியைத் தூக்கிப் போடுங்க!"

அவளுக்குச் சர்க்கரை கிடையாது. தம்பி எழுந்துவிட்டான்; ஊசி போட்டுக்கொள்ளும் இன்சுலின் பேனா கையில் இருந்தது.

"உட்காருடா!"

"விடுக்கா. அவர் கை கொஞ்சம் தள்ளிக் காட்டிடுச்சு. அது எனக்குத்தான்."

"சகோதரி, தடுக்காதீங்க" என்றார் ஊழியக்காரர், மிக மென்மையாக. "தடுத்தவங்களுக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும்."

தெரியும். கேள்வி கேட்ட டிரம்ஸ்காரருக்கு அடுத்த மாதமே கால் முறிந்ததை வாராவாரம் சொல்லுவார். பொய்யாகத் தீர்க்கதரிசனம் சொல்கிறவனுக்குப் பயப்பட வேண்டாம் என்று ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தவள்தான் அவள். பயப்படாமல் இருப்பது எப்படி என்று அங்கே யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் பயந்தபடியே எழுந்தாள்.

"ஐயா, இது கர்த்தர் காட்டினது இல்ல. நான் அடிச்ச லிஸ்ட். ஒரு வரி தள்ளிப் போச்சு." வாத்தியக்காரர்கள் சத்தத்தைக் கூட்டினார்கள். அவள் தம்பி பக்கம் திரும்பிக் கத்தினாள். "உனக்கு முழங்கால் வலியாடா?"

"புதன்கிழமை கொஞ்சம் வலிச்சுதுக்கா."

"எட்டு மாடி ஏறினா எனக்குந்தான் வலிக்கும்!"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தம்பி வாளிக்குப் பக்கத்தில் போய்விட்டான். அப்போது வாட்ச்மேன் எழுந்து தயக்கத்தோடு குரலை உயர்த்தினார்.

"தம்பி, முழங்கால் எனக்குத்தாம்ப்பா. எனக்கு மகனே கிடையாது. கல்யாணமே ஆகல."

"அப்புறம் ஏன் ஆமென் சொன்னீங்க?" என்று கேட்டான் தம்பி.

"பயந்தான். இத்தனை பேர் முன்னாடி ஐயாவை நான் பொய்யாக்கலாமா?"

தம்பி வாளிக்குள் பார்த்தான். ஒரு குழந்தையின் காதுக் கருவி மாத்திரை அட்டைகளுக்கு மேலே கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான். அவள் பின்னாலேயே ஓடினாள். "சாத்தானுடைய வேலை" என்று மைக் அவர்களைத் தெருமுனை வரை துரத்தியது.

சாலையைக் கடக்காமல் அவள் ஓரத்திலேயே நின்றாள். வருகிற லாரி ஒவ்வொன்றும் தனக்காகவே வருவதுபோல் இருந்தது. தம்பி அவள் முழங்கையைப் பிடித்து அக்கரை சேர்த்தான்.

வீட்டுக்கு வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அறைக்குள் போய்விட்டான். அவள் சாத்திய கதவோரம் நின்றாள். உள்ளே பேனாவின் திருகு சுழல்கிற சத்தம் கேட்டது. மதிய வேளைக்கு அவனுக்குப் பதினான்கு யூனிட், ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். டிக், டிக் என்று பதினான்கும் முடிகிறவரை அவள் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.