மேஸ்திரியம்மாவின் சுவர்

அந்தக் குடியிருப்பில் அவளுக்கு மேஸ்திரியம்மா என்று பெயர். வைத்தவள் கீழ்வீட்டுத் தையல்காரி. ஆணி பிடுங்கிய ஓட்டையோ, கதவு இடித்த பள்ளமோ, யார் வீட்டில் எது இருந்தாலும் இவளைக் கூப்பிட்டால் போதும். உதிரும் காரையைச் சுரண்டி எடுப்பாள், தூசியை ஊதி ஈரத்துணியால் ஒற்றுவாள், ஓட்டை அடைக்கும் பட்டிமாவைத் தகட்டால் ஒரேயடியாக அப்பாமல் இரண்டு தடவையாகப் பூசுவாள். காய்ந்ததும் உப்புத்தாள் தேய்த்து, சுவருக்கு அடித்த அதே டப்பா பெயிண்டைத் தொட்டு வைப்பாள். பிறகு அவளே தேடினாலும் அந்த இடம் கிடைக்காது.

"இதெல்லாம் எங்கக்கா கத்துக்கிட்டீங்க?" என்பாள் தையல்காரி.

"வீட்லதான்."

பொய்யில்லை. கல்யாணமாகி மூன்றாம் மாதம் முதல் ஓட்டை விழுந்தது. கணவர் மருந்துக்கடைக்காரர், வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர் என்று ஊரே சொல்லும். ஊருக்கென்ன, சொல்லிவிட்டுப் போகும். அன்று குடிக்கக் கொடுத்த தண்ணீரில் சூடு கொஞ்சம் குறைந்துவிட்டது. செம்பு பறந்து வந்து அவள் காதுக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரைப் பெயர்த்தது. மறுநாள் அவரே பட்டி டப்பாவும் தகடும் வாங்கி வந்து மேசைமேல் வைத்தார்.

"நாலு பேர் வந்து போற வீடு. சுத்தமா இருக்க வேண்டாமா?"

பதினோரு வருடமாக அவள்மேல் ஒரு அடி விழுந்ததில்லை. அவள் தலை உயரத்துக்கு, அதே ஒரு சாண் தள்ளித்தான் எறிவார். பாவி, அத்தனை நிதானம். ஒருமுறை குடைக்காம்பால் உட்கூரை அட்டையையே குத்திக் கிழித்தார். அன்று மாலையே அவளை ஏணியில் ஏற்றினார். பட்டி கண்ணில் விழ விழ அவள் பூசினாள். அவர் கீழே ஏணியைப் பிடித்தபடி, "அங்க ஒரு திட்டு தெரியுது பாரு" என்று காட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை சுத்தியல் பறந்து வந்தது. இந்தத் தடவை ஒரு சாண் இல்லை, நாலு விரல்தான். மறுநாள் அவர் கடைக்குப் போனதும் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, என்னைக் கூட்டிட்டுப் போயிடு. அடுத்த தடவ தலைமேலதான் விழும். நம்பலன்னா சுவத்த வந்து பாரு."

அண்ணன் நியாயவான். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று வாய்க்கு வாய் சொல்பவர். விசாரணையின் முதல் வேலையாக மாப்பிள்ளைக்கே போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்.

அன்று மாலை மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். பட்டி டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

தொடக்கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றதும் கை தானாகத் தகட்டை எடுத்தது. ஆள் வருகிறார்கள் என்றால் சுவரை அடைக்க வேண்டும். பதினோரு வருடப் பழக்கம், பதினோரு வருடப் பயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அவள் மறைத்தாள்.

அண்ணன் வந்தார். உள்ளங்கையால் சுவரைத் தடவினார், விரல் மடக்கித் தட்டினார், தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார்.

"எங்கம்மா ஓட்டை?"

"இங்க. இங்க. இதோ, இதுதான் சுத்தியல்."

"ஒண்ணும் தெரியலையே."

"நான் அடைச்சிட்டேன்ணே."

"அடைச்சிட்டா எப்படிம்மா நான் நம்புறது?"

கணவர் தலையைக் குனிந்து நின்றார். அவள் தகட்டை எடுத்தாள். ஓங்கிக் குத்திச் சுரண்டினாள். பட்டி கட்டி கட்டியாக உதிர்ந்தது. ஒன்று, இரண்டு, ஐந்து ஓட்டைகள். எல்லாம் அவள் தலை உயரத்தில், வரிசையாக. தலையெல்லாம் வெள்ளைத்தூளோடு திரும்பி, "இப்பப் பாரு!" என்று கத்தினாள்.

அண்ணன் பார்த்தார். சுவரில் தங்கை ஓட்டை போடுவதைத் தன் இரண்டு கண்ணால் பார்த்தார்.

"பாத்தீங்களா மச்சான்" என்றார் மருந்துக்கடைக்காரர், தாழ்ந்த குரலில். "வெளிய சொல்ல முடியுமா இத?"

அண்ணன் அவர் தோளில் கைவைத்தார். "நீங்க இத்தன வருஷம் பொறுத்ததே பெருசு மாப்பிள்ளை." பிறகு தங்கையிடம், "நீ போட்டது, நீயே அடை. நான் பாத்துட்டுத்தான் கெளம்புவேன்" என்றார்.

அடைத்தாள். இரண்டு தடவை பூசி, காயவைத்து, தேய்த்து, பெயிண்ட் தொட்டு முடிக்க மாலையாகிவிட்டது. அண்ணன் கடைசியாக ஒருமுறை சுவரைத் தடவிப் பார்த்து அசந்துபோனார்.

"எங்கன்னே தெரியல. கெட்டிக்காரிடி நீ. இந்தப் புத்திய நல்லதுக்குச் செலவழி."

படியிறங்கும் செருப்புச் சத்தம் தேய்ந்து நின்றது. கணவர் கதவைத் தாழிட்டார். அவள் பட்டி டப்பாவை மூடப்போனாள்.

"மூடாத" என்றார் அவர்.