அடுத்தவர் வேலைக்கு வந்த பாராட்டு

வேலூரில் ஒரு கல்லூரி ஆபீசில் அப்போது நாங்கள் இரண்டே குமாஸ்தாக்கள். நான் மூத்தவன். மற்றவர் ஆம்பூர்க்காரர், பாய் என்றுதான் கூப்பிடுவேன். விண்ணப்பம் வாங்கும் ஜன்னலில் அவர் உட்காருவார். உள்ளே கடிதங்கள் எழுதுவது என் வேலை. எட்டு வருஷத்தில் பிரின்சிபால் ஒரு நாளும் என் வேலையைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது எனக்குப் பெரிய குறை.

ஒரு ஜூன் மாதம் தங்கை கல்யாணத்துக்காகக் குடியாத்தம் போயிருந்தேன். கல்யாணத்தன்று பெய்த மழையில் ஆபீஸ் கூரை ஒழுகி, அந்த வருஷத்து விண்ணப்பங்கள் மொத்தமும் நனைந்துவிட்டன. பாய் வராந்தாவில் கயிறு கட்டி, ஒவ்வொரு தாளாகத் தொங்கவிட்டு உலர்த்தி, மை கரைந்த இடங்களைப் பையன்களிடமே விசாரித்துத் திரும்ப எழுதியிருக்கிறார்.

நான் திரும்பிய அன்று, ஆசிரியர்கள் எல்லார் முன்னாலும் பிரின்சிபால் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உம்மால்தான் இந்த வருஷ அட்மிஷன் பிழைத்தது" என்றார். என் லீவுக்குக் கையெழுத்துப் போட்டவரே அவர்தான், மறந்துவிட்டார் போலிருக்கிறது. நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வாயிலிருந்து வந்தது "நன்றி சார்"தான். போதாததற்கு, சந்தோஷமாகவும் இருந்தது. செய்யாத வேலைக்கு எப்படிச் சந்தோஷம் வரும்? அன்று எழுதிய கடிதம் ஒவ்வொன்றிலும் தப்பு.

இரண்டு நாள் கழித்து பிரின்சிபாலிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் பாயைக் கூப்பிட்டுப் பாராட்டி, இனிமேல் ரிக்கார்டு ரூம் முழுக்க அவர் பொறுப்பு என்று உத்தரவு போட்டார். பாய் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"இன்னா சார், இப்டி பண்ணிட்டீங்க?"

"உங்களுக்குச் சேர வேண்டிய பேரு பாய் அது."

"நான் கேட்டனா? தாளு நனைஞ்சி கெடந்தா எனக்கு மனசு தாங்காது, காய வெச்சேன். அவ்ளோதான். எனக்கு அந்த ஜன்னலு போதும் சார். நாலு ஜனம் வரும், பேசும். இப்போ உள்ள தள்ளி கதவ சாத்திட்டீங்க. ஒரே பேஜாரு."

மறுபடியும் பிரின்சிபாலிடம் போய் நின்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்கள் இரண்டு பேரும் என்னதான் எதிர்பார்க்கிறீர்கள்?"

"ரிக்கார்டு ரூமை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். யோசித்துச் சொன்னதாக நினைவில்லை.

பாய் ஜன்னலுக்குத் திரும்பினார். நான் புழுதிக்குள் போனேன். அங்கே யாரும் வர மாட்டார்கள். பாராட்டுக்கு வழியே இல்லை. முதல் வாரம் அழாத குறை. பிறகு ஒரு நாள், முன் காலத்தில் படித்த ஒருவருடைய சான்றிதழுக்காகப் பழைய ரிஜிஸ்தர்களைத் தேட உட்கார்ந்தேன். கரையான் அரித்த ஒரு பக்கத்தில் அவர் பெயர் அகப்பட்டபோது மணி மூன்று. சாப்பிடவே மறந்திருந்தேன்.

அந்த அறையில் என்ன பிடித்தது என்று என் மனைவி பல தடவை கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பதில் சொல்லியிருக்கிறேன். ரிடயர் ஆகும்வரை மாற்றல் கேட்கவில்லை.