பல் தடம்

தையல் ஆலையின் குழந்தைகள் அறையில் இரண்டு ஆயாக்கள். ஒருத்தி அண்ணன் பெண்டாட்டி, இன்னொருத்தி தம்பி பெண்டாட்டி. மாமியாருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் சாகடித்தவள் என்று சின்னவள் தெருக்குழாயடியில் நின்று சொன்ன நாளிலிருந்து பெரியவள் அவள் முகத்தில் விழிப்பதில்லை. நாலு வருஷமாயிற்று. படுக்கையில் கிடந்தவளுக்கு மலஜலம் அள்ளிப் போட்ட கை தன்னுடையது என்று சொல்லிக்காட்டவும் பெரியவளுக்கு வாய் வரவில்லை. மனசுக்குள் போட்டுப் புழுங்கிக்கொண்டிருந்தாள்.

அறைக்கு நடுவே அலமாரியை இழுத்துப் போட்டு ஆளுக்கொரு பக்கம் பிரித்துக்கொண்டார்கள். பால் புட்டி வேண்டுமென்றாலும் குழந்தைகள் வழியாகத்தான் தூது போகும்.

அன்று சின்னவள் பக்கத்துச் சுண்டெலி, மூன்று வயதுக்காரி, அலமாரியைச் சுற்றிப் பெரியவள் பக்கம் வந்தாள். மர லாரியைத் தரமாட்டேன் என்று அந்தப் பக்கத்துப் பையன் உருண்டை அவளைத் தள்ளினான். அவள் அவன் கையைக் கடித்துவிட்டாள். உருண்டை பெரியவளின் செல்லம். தடத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மன்னிப்புக் கேட்கச் சொல்லிச் சுண்டெலியை உலுக்கினாள். குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டது.

சின்னவள் பாய்ந்து வந்தாள். “அவமேல ஏன் கை வைக்கிற? அவன்தான் மொதல்ல தள்ளுனான்.”

“பொண்ணா வளக்குற? நாயா வளக்குற?”

“தண்ணி குடுக்காத கைக்குப் புள்ள வளக்குற பேச்சு எதுக்கு?”

பெரியவள் கையிலிருந்த ஈரத்துண்டை அவள் முகத்தில் விட்டெறிந்தாள். அதன்பின் இருவருக்கும் வாய்க்கு வந்ததெல்லாம் பேச்சுத்தான். மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் அறை அமைதியாக இருப்பது தெரிந்தது.

சுண்டெலி தரையில் கிடந்த துண்டை எடுத்துப்போய் உருண்டையின் கையில் ஒத்திக்கொண்டிருந்தாள். ஊதியும் பார்த்தாள்.

“வலிக்குதா?”

“ம்.”

அவள் தன் கையை அவன் வாயருகே நீட்டினாள். “நீயும் கடி.”

அவன் யோசித்துவிட்டு மெல்ல ஒரு கடி கடித்தான். “உப்பா இருக்கு” என்றான். இருவரும் சிரித்து உருண்டார்கள்.

பெரியவளுக்கு ஆத்திரமாக வந்தது. யாருக்காகத் தொண்டை கிழியக் கத்தினாளோ அவனே கட்சி மாறிவிட்டான்.

மதியம் குழந்தைகள் இரண்டும் சின்னவள் பக்கத்துப் பாயிலேயே தூங்கிப்போயின. பெரியவள் போய் உருண்டையைத் தூக்கப் பார்த்தாள். அவன் விரல்கள் சுண்டெலியின் சட்டையை விடவில்லை.

“கெடக்கட்டும் விடு, எழுந்துடப் போறான்” என்றாள் சின்னவள்.

“எனக்கு நீ சொல்லவேணாம்.”

சொன்னாளே தவிர, விரல்களைப் பிரிக்கவில்லை. போர்வையை இரண்டின் மேலும் இழுத்துவிட்டு, சின்னவளுக்கு முதுகைக் காட்டி அங்கேயே உட்கார்ந்தாள்.