ஒலிங்கா தேர்ந்தெடுத்த துப்பாக்கி பீரோ

பெண்டாட்டி புகழ் பாடுகிறான் என்று சிரிப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். என் மனைவி ஒலிங்காவைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். இருபத்தாறு வருஷம் அவளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அவள் பிடிவாதத்தில் நான் பட்ட பாட்டை ஊரே அறியும். அந்தப் பிடிவாதத்தால் இந்த ஊர் பிழைத்த கதையை நானே சொன்னால்தான் உண்டு, அவள் வாயைத் திறக்க மாட்டாள்.

வடதுருவத்துக்குப் பக்கம், குஸ்கொக்விம் ஆற்றங்கரையில் முப்பத்தெட்டு வீடு எங்கள் ஊர். டாக்டர் பெத்தெல் நகரத்தில் இருக்கிறார். விமானம் பறக்கிற நாளில் அவர், பறக்காத நாளெல்லாம் ஒலிங்கா. காதுவலி, உடைந்த கை, நேரம் காலம் பார்க்காமல் வந்து நிற்கும் பிரசவம், எல்லாம் அவள் மருந்தகத்தில்தான். ஒரு தடவை கரடி பிறாண்டிய முதுகைத் தைத்துவிட்டு வீட்டுக்கு வந்து எனக்கு மீன் சூப் வைத்தாள். கை கழுவினாயா என்று கேட்டேன். அன்றைக்கு எனக்குச் சூப் கிடைக்கவில்லை.

துப்பாக்கி இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. வசந்தத்தில் வாத்து, இலையுதிரும் காலத்தில் மூஸ் மான், கடலுக்குப் போனால் சீல் என்கிற கடல்நாய். கடையில் விற்கும் இறைச்சியை வாங்கிச் சாப்பிட்டால் ஒரு மாதத்தில் ஓட்டாண்டியாகிவிடுவோம். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் கணப்பு எட்டாத முன்நடையில் பனிக்காலணி பக்கத்தில், உறைந்த மீன் சாக்குக்குப் பின்னால், நாலைந்து துப்பாக்கி சாய்ந்து நிற்கும். பூட்டு கீட்டு எதுவும் இருந்ததில்லை.

ஒலிங்காவின் சித்தப்பா மகன் ஃபெட்யாவுக்கு இருபத்தாறு வயது. நல்ல சிரிப்பு, குறி தப்பாத கை. ஓர் அக்டோபர் மாதம் அவன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிப் போனவள் ஒலிங்கா. செய்வதற்கு எதுவும் இல்லாமல் திரும்பி வந்தாள். மூன்று மாதம் என்னோடுகூடச் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் தேநீர் ஊற்றிக்கொண்டே பேசினாள்.

"அவனுக்கு ஒரு மணி நேரம் கிடைச்சிருந்தா போதும் வசிலி. யாராச்சும் டீ குடிக்க வந்திருப்பாங்க. மீன் கேட்டு வந்திருப்பாங்க. துப்பாக்கி கை எட்டற தூரத்துல இருந்துச்சு, அவ்வளவுதான்."

அந்த ஒரு மணி நேரத்தை எல்லா வீட்டுக்கும் வாங்கிக் கொடுத்துவிடுவது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

கண்ட கண்ட இடத்துக்கெல்லாம் கடிதம் எழுதினாள். கடைசியில் ஒரு சங்கம் சம்மதித்தது. வீட்டுக்கு ஒரு துப்பாக்கிப் பெட்டகம் இலவசம், எந்த மாதிரி வேண்டும் என்று ஊரே தேர்ந்தெடுத்துச் சொல்லட்டும், ஜூனில் சரக்குப் படகில் வந்து சேரும் என்று பதில் வந்தது. கூடவே படம் போட்ட புத்தகம் ஒன்றும் வந்தது. வந்ததைத் திருப்பி அனுப்ப முடியாது. தப்பாகத் தேர்ந்தெடுத்தால் முப்பத்தெட்டு வீட்டிலும் இரும்புப் பொம்மை நிற்கும், துப்பாக்கி பழையபடி மீன் சாக்குக்குப் பின்னால் நிற்கும். ஒலிங்காவுக்கு இந்தப் பயம் மட்டும்தான்.

ஒலிங்கா கூப்பிட்டு ஊர்க் கூடத்தில் ஆண்கள் கூடினோம். புத்தகம் கை மாறிக் கை மாறி வந்தது. என் மாமன் மகன் மோசஸ் கடைசிப் பக்கத்தில் விரலை ஊன்றினான்.

"எனக்கு இதுதான் வேணும். உள்ள லைட் எரியுது பாரு. என் வீட்டுலயே லைட் எரியல."

எனக்கு விரல் ரேகை வைத்துத் திறக்கும் பெட்டகத்தின் மேல் கண். "இது விரலை வச்சா தொறந்துக்குமாம். வேற எவன் வச்சாலும் தொறக்காதாம்."

"மச்சான், உன் கையை உன் பொண்டாட்டியே நம்பறதில்ல, பொட்டியா நம்பப் போவுது?" என்றான் மோசஸ். எங்கள் ஜனத்தில் மாமன் மகன் கேலி செய்யலாம், செய்யாவிட்டால்தான் குறை. கூடமே சிரித்தது.

ஒலிங்கா சிரிக்கவில்லை. "சரி, அதுலயே ஒண்ணு மாதிரிக்கு அனுப்பச் சொல்றேன். நம்ம வீட்டுலயே வச்சுப் பாக்கலாம்" என்றாள். அவள் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மாதிரிப் பெட்டகம் ஜனவரியில் விமானத்தில் வந்தது. முன்நடையில் வைத்தோம். இரண்டு நாள் கழித்து வீட்டுக்குப் பின்னால் வெள்ளைக் கவுதாரிகள் கூட்டமாக வந்து இறங்கின. நான் ஓடிப்போய் விரலை வைத்தேன். சிவப்பு விளக்கு. இத்தனை வருஷம் மீன் அறுத்த கத்தி என் விரலில் போட்ட கோடுகளை அது ரேகையாக ஒப்புக்கொள்ளவில்லை. சீல் எண்ணெய் ஒட்டியிருக்கும் என்று காற்சட்டையில் துடைத்து வைத்தேன். மறுபடி சிவப்பு. வாயில் வைத்துச் சூடாக்கி வைத்தேன். பெட்டகம் கீச்சென்று ஒரு சத்தம் போட்டு அணைந்துபோனது. மைனஸ் முப்பத்தைந்தில் பாட்டரிக்கு உயிர் போய்விட்டது.

அதற்குள் மோசஸ் பனிவண்டியில் வந்து, சறுக்குவண்டியில் கிடந்த தன் துப்பாக்கியை எடுத்து மூன்று கவுதாரியைச் சுட்டுவிட்டான். ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, "உன் பொட்டிக்குச் சூப் வச்சுக் குடு மச்சான், பாவம், குளிருதாம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

"வீட்டுக்குள்ள கதகதப்புல வச்சா நல்லா வேலை செய்யும்" என்று நான் ஒலிங்காவிடம் சமாளித்தேன்.

"நீ துப்பாக்கியை வீட்டுக்குள்ள கொண்டு வருவியா?"

எந்த வேடனும் கொண்டு வர மாட்டான். குளிரில் கிடந்த துப்பாக்கியைச் சூடான அறைக்குள் கொண்டு வந்தால் இரும்புக்கு வியர்க்கும். வியர்த்தால் துருப் பிடிக்கும், மறுபடி வெளியே போனால் விசை உறைந்து நிற்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. படப் புத்தகம் அச்சடித்தவர்களுக்குத் தெரியவில்லை. அதில் எல்லாப் பெட்டகமும் கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் கம்பளத்தின் மேல் நின்றன.

ஒலிங்கா வீடு வீடாகப் போனாள். எந்தப் பெட்டகம் பிடிக்கும் என்று யாரையும் கேட்கவில்லை. "வேட்டை முடிஞ்சு வந்ததும் துப்பாக்கியை எங்க வைப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள். முப்பத்தெட்டு வீட்டிலும் ஒரே பதில், முன்நடை. நூலை எடுத்து ஒவ்வொரு முன்நடைக் கதவையும் அளந்தாள். எங்கள் வீடுகள் உறைந்த மண்ணில் கட்டை ஊன்றி நிற்பவை. பெரிய பெட்டகம் ஒன்றை வைத்தால் வீடே ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

எண் பூட்டு வைக்கலாமே என்று கேட்டவர்களுக்கும் பதில் வைத்திருந்தாள். "எல்லாரும் பொறந்தநாளைத்தான் நம்பரா வைப்பீங்க. மோசஸ் பொறந்தநாள் இந்த ஊர் நாய்க்குக்கூடத் தெரியும். அதோட, நம்பரு மண்டையில இருக்கும். மண்டையிலேர்ந்து கழட்டி இன்னொருத்தர்கிட்டக் குடுக்க முடியுமா? சாவின்னா குடுக்கலாம்."

யாருக்கு, எதற்குக் கொடுப்பது என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அவள் தேர்ந்தெடுத்தது புத்தகத்தில் மூலையில் சின்னதாக இருந்த பீரோ. ஆளுயரம், ஒன்றரை அடி அகலம், உள்ளே ஈரம் பிடிக்கும் துணி எதுவும் ஒட்டாதது, சாதாரணச் சாவிப் பூட்டு. சங்கத்திலிருந்து ஓர் அதிகாரி போன் செய்தார். பக்கத்தில் நின்று கேட்டேன்.

"அம்மா, இதைவிட நாலு மடங்கு விலையுள்ளதே தர்றோம்னு சொல்றோம். ஏன் மட்டமானதைக் கேக்கறீங்க?"

"நீங்க சொல்றது உங்க வீட்டுக்கு நல்லதுங்க. எங்க வீட்டுல அதுக்குள்ள பிஸ்கட் டப்பாதான் வைப்பாங்க."

ஜூனில் படகு வந்தது. முப்பத்தெட்டையும் நானும் அவளும் வீடு வீடாகப் போய்ச் சுவரில் திருகாணி போட்டு முடுக்கினோம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு சாவி. எல்லாம் முடிந்ததும் மறுபடி கூடத்தில் கூட்டினாள்.

"ஒரு சாவி உங்க கழுத்துல இருக்கட்டும். இன்னொண்ணு மருந்தகத்துல இருக்கட்டும். ஆத்துல தொலைச்சுட்டு வந்து நிக்கறப்ப உதவும். இன்னொரு விஷயம். மனசு சரியில்லாம போற நாள் எல்லாருக்கும் வரும். அன்னிக்கு உங்க சாவியையும் என்கிட்டக் கொண்டாந்து குடுங்க. ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டேன். எப்ப வேணுமோ அப்பத் திருப்பித் தரேன்."

முதலில் சிரித்தவன் நான், அவள் புருஷன். "மனசு சரியில்லைன்னா சாவியா? அப்புறம் படகு, பனிவண்டி எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டு உன் மருந்தகத்துலயே படுத்துக்கறோம்" என்றேன். "பல்லையும் கழட்டிக் குடுத்துருவோம்" என்று மோசஸ் சேர்ந்துகொண்டான். எல்லோரும் சிரித்தார்கள். ஒலிங்கா சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். பிறகு சாவிகளைத் தகர டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு என் வாயில் புண் வந்திருக்கலாம் என்று பின்னால் பல நாள் நினைத்திருக்கிறேன்.

அடுத்த வருஷம் நவம்பரில் என் அண்ணன் எவானின் பனிவண்டி ஆற்றுப் பனிக்கட்டி உடைந்து உள்ளே போனது. நான் இருநூறு அடி பின்னால் வந்துகொண்டிருந்தேன். கயிறு வீசினேன். எட்டவில்லை. சுற்று வட்டாரத்து ஆட்கள் கூடி மூன்று நாள் தேடி அண்ணன் உடலை எடுத்தார்கள். நாற்பதாம் நாள் விருந்து முடிந்து எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள். நான் திரும்பவில்லை. தூக்கம் போனது. சாப்பாடு மண்ணாக இருந்தது. கயிற்றை இன்னும் கொஞ்சம் ஓங்கி வீசியிருந்தால் என்று ஒரே எண்ணம்.

ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு நான் முன்நடையில் பீரோவுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். எவ்வளவு நேரமாக நின்றேன் என்று தெரியாது. வேட்டைக்குப் போகும் எண்ணம் இல்லை. சாவி கையில் இருந்தது. என்னைப் பார்த்து எனக்கே பயம் வந்தது. சாவியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மருந்தகத்துக்கு நடந்தேன்.

பல்வலிக்காரர் ஒருவர் எனக்கு முன்னால் இருந்தார். ஒலிங்கா என்னைப் பார்த்தாள். முந்திக் கூப்பிடவில்லை. என் முறை வந்ததும் உள்ளே போய்ச் சாவியை மேஜையில் வைத்தேன்.

"வீட்டுலயே சொல்லியிருக்கலாமே" என்றாள் மெதுவாக.

"வீட்டுல சொன்னா நீ அழுவே. இங்க அழ மாட்டே."

அவள் அழவில்லை. சாவியை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். பிறகு என் தாடையை நிமிர்த்தினாள்.

"வெக்கப்படாத. நீ பதினோராவது ஆளு."

எனக்கு முன்னால் பத்துப் பேர். கூடத்தில் என்னோடு சேர்ந்து சிரித்த அதே ஆட்கள். ஒன்றரை வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் அவள் வாயிலிருந்து அரைச் சொல் வெளியே வந்ததில்லை. அன்றைக்கே பெத்தெலில் மனநல ஆலோசனை சொல்லும் ஓர் அம்மாவிடம் போனில் பேச வைத்தாள். செவ்வாய்க்கிழமை தோறும் பேசினேன். நன்றாக அழுதேன். ஏப்ரலில் வாத்து வந்ததும், "சாவி வேணும்" என்றேன். என் கண்ணை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

அந்தப் பத்துப் பேர் யார் என்று கேட்டுப் பார்த்தேன். "உன் பேரை அவங்ககிட்டச் சொல்லவா?" என்றாள். அதோடு விட்டுவிட்டேன்.

போன இலையுதிர் காலத்தில் ஆற்றின் கீழ்ப்போக்கில் இருக்கும் ஊரிலிருந்து நாலு பேர் வந்தார்கள். அவர்கள் ஊருக்கும் பெட்டகம் வருகிறது, எதைத் தேர்ந்தெடுப்பது என்று ஒலிங்காவிடம் கேட்க. எங்கள் ஊர் ஆட்களும் கூடத்தில் கூடினோம்; தேநீர், உலர்ந்த சால்மன் மீன், பிஸ்கட். அவள் முன்நடையைப் பற்றிச் சொன்னாள், பாட்டரியைப் பற்றிச் சொன்னாள், சாவியைக் கொடுத்து வைப்பதைப் பற்றியும் சொன்னாள். அவர்களில் ஒரு தடித்த ஆள் விரல் ரேகைப் பெட்டகத்தின் படத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நிஜமாச் சொல்லுங்கம்மா. எந்த ஆம்பிளையாவது வந்து சாவியைக் குடுத்திருக்கானா? இல்ல சும்மா பேச்சுக்கா? யாரும் குடுக்கலைன்னா எங்களுக்கு எதுக்கு இந்தச் சாவிப் பூட்டு?"

ஒலிங்கா பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாது. சாவி கொடுத்தவனைத் தேற்றச் சொல்வது வேறு, கூடத்தில் ஒரு பேர், ஓர் எண்ணிக்கை சொன்னாலும் நாளைக்கு யாரும் வர மாட்டார்கள். கோப்பையைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தாள். அந்த ஆள் மற்ற மூவரையும் பார்த்துத் தலையாட்டினார். அவர்கள் ஊரின் அறுபத்தொரு வீட்டுக்கும் தப்பான பெட்டகம் போகப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது.

எழுந்து நின்றேன். "நான் குடுத்தேன். அண்ணன் போன பிறகு. பதினோராவது ஆளா."

யாரும் சிரிக்கவில்லை. மோசஸ் ஏதாவது கேலி செய்வான் என்று அவன் பக்கம் திரும்பினேன். அவன் தேநீரில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னான்.

"நான் ரெண்டாவது."

பதினைந்து வருஷமாக ஒரே படகில் போகிறோம் நானும் அவனும்.

ஒலிங்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை. அந்தத் தடித்த ஆளிடம் திரும்பினாள்.

"இப்பத் திருகாணி பத்திச் சொல்றேன், எழுதிக்கிங்க. நாலு அங்குலத் திருகாணி. பலகையில முடுக்காதீங்க, பின்னாடி கட்டை இருக்கற இடமாப் பாத்து முடுக்குங்க."

அவர் படப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுதிக்கொண்டார்.