நோஞ்சான் வரிசை

கூண்டைத் திறக்கும் முன் மூடியில் விரலால் இருமுறை தட்டுவது அவள் வழக்கம். ஆய்வுக்கூடத்தில் கூண்டு கழுவும் வேலைக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். தட்டினால் எலிகள் முன்னால் ஓடிவந்து மூக்கை நீட்டும். நோய் முற்றியது மட்டும் மூலையை விட்டு அசையாது.

ஜன்னலோர வரிசையில் அந்தக் கவலையே இருந்ததில்லை. வருஷக்கணக்காகக் கண்ணாடிக் குடுவையில் வளர்ந்து வலு குன்றிப்போன ஒட்டுண்ணிக் கிருமியை அந்த எலிகளுக்கு ஏற்றியிருந்தார்கள். கிருமி உள்ளே இருக்கும். எலி தன் பாட்டுக்குத் தின்று கொழுக்கும். எல்லோருக்கும் அது ‘நோஞ்சான் வரிசை’. அங்கே மட்டும் தடித்த கையுறையை யாரும் தேடுவதில்லை.

அவள் சொல்லி வேலைக்குச் சேர்ந்த நாத்தனார், அந்த வரிசையின் கழிவுப் பையைக் கட்டும்போது எலிகளுக்குப் போட்ட ஊசி ஒன்று விரலில் ஏறியது.

“போய் சார்கிட்ட சொல்லுடி.”

“நோஞ்சான் ஊசிதானே அண்ணி. எங்க அண்ணனையே கட்டி மேய்க்கிறீங்க, இதுக்குப் போய் பயப்படுறீங்களே.”

ஆராய்ச்சி செய்யும் சாரும் காயத்தைக் கழுவச் சொல்லி, “வலு இல்லாத கிருமிதான், பாத்துக்கலாம்” என்றார். சில மாதங்களில் எல்லோருக்கும் மறந்துபோனது. அண்ணிக்கு மட்டும் பல்லிடுக்கில் நார் மாட்டியது போல உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு காலை அந்த வரிசையில் தட்டினாள். எதுவும் வரவில்லை. உள்ளே எலிகள் ரோமம் சிலிர்த்து, வயிறு புடைத்து, மூலையில் ஒண்டிக் கிடந்தன. அடுத்த கூண்டிலும் அதே கதை.

சார் குனிந்து வெகுநேரம் பார்த்தார். “கிருமிய ஒரு எலியிலேர்ந்து எடுத்து இன்னொண்ணுக்குன்னு மாத்தி மாத்தி ஏத்தினோம்மா. குடுவையில போன வலு உடம்புக்குள்ள திரும்பியிருக்கு.”

“அவளுக்குக் குத்தின ஊசி?”

“இதுங்களோடதுதான்.” அவர் நிமிரவில்லை. “இன்னிக்கே ரத்தம் எடுக்கணும். சீக்கிரம் கண்டுபிடிச்சா மருந்து இருக்கு.”

கழுவும் அறையில் நாத்தனார் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டிருந்தாள்.

“என்ன அண்ணி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?”

“ஏன் சாப்பிடல?”

“நாலு நாளா இறங்க மாட்டேங்குது. உங்க கைப்பக்குவம் அப்படி.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது நோஞ்சான் வரிசை பூட்டிய அறையில் இருக்கிறது. அங்கே தடித்த கையுறை இல்லாமல் யாரும் போவதில்லை. நாத்தனார் படுத்திருப்பது வீட்டில், பக்கத்து அறையில். தினமும் காலையில் அண்ணி அந்தக் கதவை இருமுறை தட்டி, உள்ளிருந்து குரல் வரும்வரை நிற்கிறாள். முதல் ரத்தச் சோதனையில் எதுவும் தெரியவில்லை. இரண்டாவதன் முடிவு இன்னும் வரவில்லை.