போலீஸ்காரரிடம் சொன்ன பதில்

பேத்தி ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறாள். அவளுடைய பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள். மூன்று நாட்களாக நான் வாசலை விட்டு நகரவில்லை. இன்று பூட்ஸ் சத்தம் கேட்டதும் ஒன்பது வயதுக்குப் போய்விட்டேன்.

அன்றும் இதே எளாவூர் வீடுதான். மேரி அக்காவுக்கு லண்டனில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அவள் பின்னிய நீல ஸ்வெட்டர் அந்துருண்டை வாசனையோடு பெட்டியில் காத்திருந்தது. அம்மா இல்லாத வீட்டில் எனக்கு மீனில் முள் எடுத்துத் தருபவள் அவள்தான். அவள் போய்விட்டால் யார் தருவார்கள்?

அப்பா வேலைக்கும் அக்கா சர்ச்சுக்கும் போயிருந்த ஒரு காலையில், மழையில் நனைந்த காக்கிச் சட்டையோடு போலீஸ்காரர் வந்தார்.

"மேரி இந்த ஊடுதானே, நைனா?"

"அவங்க இங்க இல்ல சார். ஊரை உட்டே போயிட்டாங்க."

அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். பாஸ்போர்ட் வராமலே படிப்பு தொடங்கும் நாள் கடந்தது. யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. அக்கா இங்கேயே டீச்சரானாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இன்றும் எனக்கு முள் எடுத்துத் தருகிறாள்.

"பொண்ணு இங்கதான் இருக்காளா, பெரியவரே?" என்றார் இன்று வந்தவர்.

"இங்கதான் சார்! பொறந்ததுலேந்து இந்த ஊட்லதான்!"

உள்ளிருந்து அக்கா சிரித்தாள். "இன்னாத்துக்குடா இப்டி கத்துற? அவருக்கு இன்னா காது கேக்காதா?"

அவர் கிளம்பியதும் அக்காவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அக்கா, உன் பாஸ்போர்ட்டைக் கெடுத்தது நான்தான்" என்றேன்.