தோட்டத்தில் இல்லாத நோய்: காஹாங்கிலிருந்து ஜொகூர் பாரு ஆஸ்பத்திரி வரை

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் காசிக்குப் போகிறார்கள், பினாங்குக் கொடிமலையில் ரயில் ஏறுகிறார்கள், கடற்கரையில் காற்று வாங்கினேன் என்கிறார்கள். நல்லது, வாங்கட்டும். நான் எழுதப்போவது காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி. என் தங்கை செல்லம்மாளைக் கூட்டிக்கொண்டு போன தை மாதம் போனேன். அதே வழியில் போகவேண்டியவர்கள் நம் தோட்டத்து லய வீடுகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குத்தான் தெரியாது.

முதலில் ஏன் போனோம் என்று சொல்லிவிடுகிறேன். செல்லம்மாள் பால்வெட்டுக்காரி, ரப்பர் மரம் சீவுகிறவள். நம் பெண்கள் எப்படி வேலைக்குப் போவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். விடியுமுன் பெரட்டில் வரிசையாக நின்று பெயர் கொடுக்கும்போதே வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளு புகையிலை, எல்லாம் உருண்டையாகக் கன்னத்தில் ஏறிவிடும். மங்குகளில் பால் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுவரும்வரை அது அங்கேயே இருக்கும், பசியும் தெரியாது. ஒரு பக்கம் கன்னம் புடைக்காத பால்வெட்டுக்காரியை நான் பார்த்ததில்லை. அதனால் என் தங்கையின் கன்னம் புடைத்திருந்ததை நான் உட்பட ஒருவரும் கவனிக்கவில்லை.

கவனித்தது கங்காணி, அதுவும் கோபத்தில். ஒரு நாள் பெரட்டில், "வாயில இருக்கிறதத் துப்பிட்டுப் பேசு" என்று அதட்டியிருக்கிறார். "வாயில ஒண்ணுமில்லீங்க" என்றாள் இவள். எதிர்த்துப் பேசுகிறாள் என்று அன்றைக்கு அரைப் பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான், போட்டார். ஸ்டோரில் ரப்பர் தாள் அடுக்கிக்கொண்டிருந்த என்னிடம் அழுதுகொண்டு வந்தாள். போன அரைப் பேருக்காகத்தான் அழுதாள். வாயைத் திற என்றேன். இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறக்க முடிந்தது. உள்ளே கன்னத்தில் கோழிக் கொண்டைபோல ஒரு சதை, நடுவில் குழி. எவ்வளவு நாளாக என்று கேட்டால், "போன தீவாளிக்கு முந்தியே எரிஞ்சுச்சுண்ணே. பொகையில வச்சு அமுக்கினா மரத்துப் போயிரும்" என்றாள். எரிகிற புண்ணுக்குப் புகையிலைதான் மருந்தென்று அதன் மேலேயே வைத்து அதக்கியிருக்கிறாள்! அவள் ஒருத்தி மட்டுமா, லயம் முழுக்க அதே வைத்தியம்தான்.

தோட்டத்தில் டாக்டருக்குப் பதில் மருந்து கொடுக்கும் டிரெசர் ஊதா மருந்துத் தண்ணீர் கொடுத்து வாய் கொப்பளிக்கச் சொன்னார். "இது புற்றாக இருக்குமோ?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "அதெல்லாம் பட்டணத்துக்காரங்களுக்கு வர்றது லா. தோட்டத்துல நான் ஒரு கேசுகூடப் பார்த்ததில்லை." அவர் பொய் சொல்லவில்லை, பார்த்ததில்லைதான். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. காஹாங் ரோடு பல இடத்தில் தண்ணீருக்குள் போய்விட்டது. மழை விட்டு வண்டிகள் ஓட ஆரம்பித்ததும் கிளம்பினோம். அவள் புருஷன் காத்தமுத்து வரவில்லை. இரண்டு பிள்ளைகளைப் பார்க்க வேண்டும், வேலைக்குப் போகாவிட்டால் வேலைப் பதிவில் பெயரே போய்விடும். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

இனி வழி. தோட்டத்து வாசலிலிருந்து குளுவாங் சுமார் இருபத்தைந்து மைல். பஸ்ஸை நம்பாதீர்கள். ரப்பர் ஏற்றிப்போகும் சீனர் லாரி ஏழு மணிக்குக் கிளம்பும், ஆளுக்கு ஐம்பது காசு. நாங்கள் போனபோது பின்னால் தாள்கட்டுகளின் மேல்தான் இடம் இருந்தது. டிரைவர் செல்லம்மாளைப் பார்த்து, "சாக்கிட்?" என்றார். ஆமாம், நோய்தான் என்று தலையாட்டினேன். தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பின்னால் அனுப்பிவிட்டு, "டுடோ சினி" என்று முன் சீட்டைத் தட்டிக் காட்டினார். அவளுக்காக வண்டியை மெதுவாகவே ஓட்டினார். அப்படியும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் கன்னத்தைக் கையால் ஏந்திக்கொண்டதை முன் சீட்டுக்குப் பின்னால் இருந்த கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். பாழாய்ப்போன ரோடு அது.

குளுவாங் ரயிலடியில் பத்தரை மணிக்கு வண்டி. மூன்றாம் வகுப்பு ஜொகூர் பாருவுக்கு ஆளுக்கு ஒரு வெள்ளி அறுபது காசு. இப்போது மாறியிருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று போகும். ஜன்னல் பக்கம் இடம் பிடியுங்கள். காற்றுக்காகச் சொல்லவில்லை. அந்தப் புண்ணுக்கு ஒரு வாடை உண்டு, எதிரே உட்கார்ந்தவர்கள் எழுந்து போவார்கள். எங்கள் எதிரிலும் ஒரு குடும்பம் எழுந்து போயிற்று. செல்லம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலியான அந்த இடத்தில் ஜொகூர் பாருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவர் வந்து உட்கார்ந்தார். எழுந்து போகவில்லை. "தங்கச்சிக்கு வாயிலயா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"சோறு எறங்குதா?"

"கஞ்சிதான்."

"நம்ம கடை ரயிலடிக்கு எதிர்த்தாப்லதான் இருக்கு. எறங்கினதும் வாங்க, கஞ்சி வடிகட்டித் தர்றேன். ஆஸ்பத்திரியில எவ்வளவு நேரம் ஒக்கார வைப்பாங்களோ, வெறும் வயித்தோட போவக் கூடாது." சொன்னபடி செய்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். பெயர் கேட்க மறந்துவிட்டேன், அது என் புத்தி. ஆனால் ஒன்று சொன்னார்: "எங்க ஊரு இந்த நோவுக்குப் பேரு கெட்டுப்போச்சு, தம்பி. ஜொகூர் பாருல தண்ணி சரியில்ல, காத்து சரியில்ல, அதான் புத்து வருதுன்னு பேசிக்கிறாங்க." நானும் அன்றைக்கு அதை நம்பினேன்.

ரயிலடியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ரிக்‌ஷா பதினைந்து காசு. இருபது கேட்பான், பேசுங்கள். மேட்டில் ஏறும்போது இடது பக்கம் கடல் தெரியும், அக்கரையில் சிங்கப்பூர். செல்லம்மாள் கடல் பார்த்தது ஊரிலிருந்து கப்பலில் வந்தபோதுதான். "எவ்வளவு பெருசுண்ணே" என்றாள். அந்தப் பயணத்தில் அவள் நோயைத் தவிர வேறு ஒன்றைப் பற்றிப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

அன்றைக்கே பெண்கள் வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். ஏழைகள் வார்டில் காசு கேட்கவில்லை. மறுநாள் பார்வை நேரத்தில் போய் அவள் கட்டிலருகே உட்கார்ந்தேன். அவளால் அதிகம் பேச முடியாது, எனக்கோ சும்மா இருக்க முடியாது. அக்கம்பக்கத்துக் கட்டில்களில் வாய்க்கட்டோடு கிடந்த பெண்களிடம் பேச்சுக் கொடுத்தேன். எந்த ஊர் அம்மா என்று கேட்டால் ஒருத்தி கோத்தா திங்கித் தோட்டம் என்றாள். அடுத்தவள் ரெங்கம். அதற்கடுத்தவள் கூலாய்க்கு உள்ளே ஏதோ ஒரு தோட்டம். ஜொகூர் பாருக்காரி ஒருத்திகூட இல்லை. கோத்தா திங்கிக்காரி கட்டுக்குள்ளிருந்து குழறியபடி சொன்னாள்: "எங்க தோட்டத்துல இந்தச் சீக்கெல்லாம் கெடையாதுங்க. இங்க வந்துதான் பேரே கேட்டேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஊர்த் தண்ணீரும் காற்றும் என்ன பாவம் செய்தன? தோட்டத்துப் புண்ணெல்லாம் ரயிலேறி இங்கே வந்து சாகிறது. பட்டணத்துக் கணக்கில் புற்றுச் சாவு ஒன்று கூடுகிறது, தோட்டத்துக் கணக்கு சுத்தமாக இருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிப்பான மனுஷர். என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "ஏன் இவ்வளவு பிந்திக் கொண்டு வந்தனீங்கள்?" என்று கேட்டார். தோட்டத்தில் இந்த நோய் இல்லை என்று டிரெசர் சொன்னதைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தோட்டத்தில இந்தப் புற்று வருத்தம் குறைவு, டவுனிலதான் கூட எண்டு எல்லாரும் சொல்லினம். இஞ்ச சாகிற ஆக்கள் எங்கயிருந்து வருகினம் எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்லை. போன மாசம் இஞ்ச பசாரில ஒரு தையல்காரற்ற மனுசி வந்தவ. அவவுக்கும் இதே புண்தான், கடலை அளவு. வெட்டி எடுத்தன், நடந்து வீட்ட போனவ. உங்கட தங்கச்சிக்குத் தாடை எலும்புக்குள்ள போயிட்டுது. கழுத்திலயும் கட்டி. கத்தி வைக்கேலாது."

வேறு வழியே இல்லையா என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவர் கோபப்படவில்லை. வலிக்கு மருந்து தருவதாகவும், விரும்பினால் இங்கேயே இருக்கலாம் என்றும் சொன்னார். தையல்காரர் மனைவிக்கு வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். எங்களுக்கு லாரி, ரயில், மழை, கங்காணி, டிரெசர் எல்லாம் தாண்ட வேண்டியிருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

உள்ளே போனபோது செல்லம்மாள் என் முகத்தையே பார்த்தாள். "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். மருந்து கொடுக்கிறார்கள் என்றேன்.

"வெட்ட மாட்டாங்களா?"

நான் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"அப்ப பிள்ளைங்க கிட்டப் போயிரலாம்ணே" என்றாள்.

மூன்றாம் நாள் அதே வழியில் திரும்பினோம். திரும்பும் வழியைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. வண்டி நேரம் மட்டும் சொல்கிறேன்: ஜொகூர் பாருவில் எட்டு மணி வண்டியைப் பிடித்தால் குளுவாங்கில் மத்தியான லாரி கிடைக்கும்.

பங்குனியில் செல்லம்மாள் போய்ச் சேர்ந்தாள். கடைசி வாரம் தண்ணீரும் இறங்கவில்லை. டிரெசர் சாவுக்குக் காரணம் காய்ச்சல் என்று எழுதினார். நான் போய்ச் சத்தம் போட்டேன். "ஜொகூர் பாரு டாக்டரே புற்று என்று சொன்னார், நீர் யார் மாற்றுவதற்கு?" என்றேன். அவர் அமைதியாகத்தான் பதில் சொன்னார். "கடைசியில காய்ச்சல் இருந்துச்சில்ல? நான் பார்த்தது அதைத்தான். புத்துன்னு எழுத நான் டாக்டரா? தோட்டத்து டாக்டர் மாசத்துக்கு ஒரு தடவை வருவாரு, அதுவரைக்கும் பொணத்தை வச்சிருப்பியா?" ஆக, அவள் ஜொகூர் பாருவில் செத்திருந்தால் புற்று. காஹாங்கில் செத்ததால் காய்ச்சல்.

அதோடு விட்டதா? கருமாதி அன்றைக்கு லயத்துப் பெண்கள் என் காதுபடவே பேசினார்கள். "நல்லாத்தான் வேலைக்கு வந்துக்கிட்டிருந்தா. பட்டணத்துக்குப் போயிட்டு வந்துதான் படுத்தா. அந்த ஆஸ்பத்திரிக்குப் போனவ எவ பொழைச்சா?" காத்தமுத்து என் முகத்தைப் பாராமல், "நீங்க கூட்டிட்டுப் போகாம இருந்திருந்தா அவ இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பா மச்சான்" என்றார். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சின மாதிரி இருந்தது. ஆனால் அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. தோட்டத்திலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் பிழைத்து வந்தவர் ஒருவரையும் அவர் பார்த்ததில்லை. கடைசி நேரத்தில் போகிறவர்கள்தானே போகிறார்கள், எப்படிப் பிழைப்பார்கள்? அவர்கள் பிழைக்காததைப் பார்த்து அடுத்தவர்கள் இன்னும் தாமதமாகப் போவார்கள்.

எனவே போகிறவர்களுக்குச் சில வார்த்தை. கூட ஒரு பெண் வந்தால் நல்லது, வார்டில் ஆண்களை அதிக நேரம் விடுவதில்லை. வடிகட்டின கஞ்சியும் அகலமான கரண்டியும் எடுத்துப் போங்கள். மார்கழி மழையில் காஹாங் ரோட்டை நம்பவேண்டாம். ஐப்பசிக்கு முன்பே போய்விடுங்கள். அதைவிட முக்கியம், காலையில் வெற்றிலை போடுமுன் பெண்டாட்டியையோ தங்கையையோ வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். வெட்கப்படுவாள், திட்டுவாள். பாருங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண் கடலை அளவு இருந்தாலும் டிரெசரிடம் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

எங்கள் லயத்தில் இப்போது இரண்டு பெண்களுக்கு வாயில் புண். எனக்குத் தெரிந்து இரண்டு. சொல்லிப் பார்த்தேன். "உன் தங்கச்சிய அனுப்பின மாதிரி எங்களையும் அனுப்பப் பாக்குறியா?" என்று ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாள். கேட்கட்டும். சனிக்கிழமை ஏழு மணி லாரிக்கு இரண்டு இடம் சொல்லி வைத்திருக்கிறேன், முன் சீட்டில். என்னைத் திட்டிக்கொண்டே ஏறட்டும், கொலைகாரன் என்றுகூடச் சொல்லட்டும். ஏறினால் போதும்.